இரைச்சலில் தேடிய குரல்

1959-ஆம் ஆண்டுக் கோடைக்காலம். சுவீடன் நாட்டிலுள்ள மோல்ன்போ என்னும் ஊரில் ஃபிரீட்ரிக் யூர்கென்சன் என்ற ஓவியர் தமது தோட்ட வீட்டில் தங்கியிருந்தார். திரைப்படங்களும் எடுத்து வந்த அவர் ஒரு நாள் பறவைகளின் இசையை டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தார். பின்னர் ஒலிநாடாவை ஓடவிட்டுக் கேட்டபோது, பறவைகளின் ஒலியோடு ஒரு பெரும் இரைச்சல் கேட்டது. அந்த இரைச்சலின் நடுவே ஓர் ஆண் குரல், இரவில் பாடும் பறவைகளைப் பற்றி நார்வே மொழியில் பேசுவதாக அவருக்குத் தோன்றியது. ஏதோ வானொலி நிலையத்தின் ஒலி வழிதவறிக் கருவிக்குள் புகுந்துவிட்டது என்றே அவர் முதலில் எண்ணினார்.

ஆனால் தொடர்ந்து பதிவு செய்தபோது மேலும் குரல்கள் வந்தன. அவற்றுள் ஒன்று அவரது உள்ளத்தை உலுக்கிவிட்டது. மறைந்துபோன அவருடைய தாய், இளமையில் தம்மை அழைத்த செல்லப் பெயரைச் சொல்லி அழைப்பதை அவர் அதில் கேட்டார். அன்று முதல் 1987-இல் காலமாகும்வரை அவரது நாட்டம் இந்தக் குரல்களை விட்டு அகலவில்லை. 1964-இல் அவற்றைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

அந்த நூலால் கவரப்பட்டவர்களில் ஒருவர் கான்ஸ்டன்டின் ரௌடிவ். லாட்வியாவில் பிறந்து, இரண்டாம் உலகப் போரின் காலத்தில் தாய்நாட்டை விட்டு வெளியேறி, அயல்நாட்டில் வாழ்ந்த எழுத்தாளர் அவர். 1965-இல் யூர்கென்சனைச் சந்தித்தபின், தாமும் பதிவுகளைத் தொடங்கினார். 70,000-க்கும் மேற்பட்ட குரல்களைத் தாம் சேகரித்திருப்பதாகக் கூறினார். 1968-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அவரது நூல் 1971-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. அதன்பின் 'மின்னணுக் குரல் நிகழ்வு' என்ற பெயர் உலகெங்கும் பரவியது. சுருக்கமாக ஈ.வி.பி. என்று அதைக் கூறுவார்கள்.

ஆவிகளைத் தேடிச் செல்லும் குழுக்களின் தொலைக்காட்சித் தொடர்கள் 2004-க்குப் பின் அமெரிக்காவில் பெருகின. பாழடைந்த மாளிகை ஒன்றில் நள்ளிரவில் விளக்கை அணைத்துவிட்டு, நடுவில் ரெக்கார்டரை வைக்கிறார்கள். "இங்கே யாராவது இருக்கிறீர்களா? உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டுவிட்டுச் சில நொடிகள் மௌனமாக இருக்கிறார்கள். பிறகு பதிவை ஓடவிட்டு, அந்த மௌனத்தில் விடை ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறார்கள். இன்று அதற்குத் தனி ரெக்கார்டர்கூடத் தேவையில்லை. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் கைபேசியே போதும்.

மூன்று கேள்விகள்

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது எளிது. பாழ்மாளிகையில் பொழுதுபோக்கிற்காக நுழையும் இளைஞர்களைப் பொறுத்தவரை அந்தச் சிரிப்பே போதுமானதாகவும் இருக்கலாம். ஆனால் இந்தக் கருவியின் முன் வேறொருவரும் அமர்ந்திருக்கிறார்.

மகனை இழந்த ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் எல்லோரும் உறங்கியபின் அவள் மகனுடைய அறைக்குச் செல்கிறாள். ரெக்கார்டரை அவன் மேசைமேல் வைக்கிறாள். அவன் பெயரைச் சொல்லி அழைக்கிறாள். பின்னர் காதில் ஒலிபெருக்கியைப் பொருத்திக்கொண்டு, நான்கு நொடி நேர இரைச்சலை நூறு முறை திரும்பத் திரும்பக் கேட்கிறாள். நூற்றோராவது முறை, 'அம்மா' என்று ஒலிப்பது போல் இருக்கிறது. அவளைப் பார்த்து எவரும் சிரிக்க முடியாது.

அவள் உண்மையில் கேட்பவை மூன்றே கேள்விகள். 'அவன் எங்கேயாவது இருக்கிறானா?' என்பது முதல் கேள்வி. 'நலமாக இருக்கிறானா?' என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வி பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. 'கடைசி நாளில் கடிந்து பேசிவிட்டேனே, அவன் என்னை மன்னித்துவிட்டானா?' என்பது அது.

ஒலிப்பதிவுக் கருவி பிறந்தபோதே மரணத்தின் நினைவும் அதனோடு ஒட்டிக்கொண்டது. தாமஸ் ஆல்வா எடிசன் 1877-இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டு அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது, இறக்கும் தறுவாயில் உள்ளோரின் இறுதிச் சொற்களைக் குடும்பத்தினர் பாதுகாத்து வைக்கலாம் என்பதையும் அவர் குறிப்பிட்டார். உயிரோடு இருப்பவரின் குரலைச் சேமிப்பதற்கான கருவி அது. 1920-இல் அவர் ஒரு படி மேலே சென்றார். இறந்தபின் மனிதனின் ஆளுமை எஞ்சியிருக்குமானால், அது தன்னைத் தெரிவித்துக்கொள்ள உதவும் நுண்ணிய கருவி ஒன்றை உருவாக்க முயல்வதாகப் பத்திரிகைப் பேட்டியில் கூறினார். முதல் உலகப் போரும் விஷக்காய்ச்சலும் கோடிக்கணக்கானோரைக் கொண்டுசென்று, வீடுதோறும் ஒரு வெற்றிடத்தை விட்டுச் சென்றிருந்த காலம் அது. 1931-இல் எடிசன் காலமானார். அந்தக் கருவி வெளிவரவே இல்லை. ஆனால் அதற்கான ஏக்கம் மட்டும் ஓயவில்லை.

கருவியும் செவியும்

இந்தக் குரல்கள் எங்கிருந்து வருகின்றன? ஆராய்ந்தவர்கள் முதலில் கருவியைக் கவனித்தார்கள்.

பல ரெக்கார்டர்களில், ஒலியின் அளவைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் அமைப்பு உண்டு. அறையில் ஒலி குறையக் குறைய, அது தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அதனால் முழு அமைதியில் கருவியின் உள்ளிரைச்சலும், தொலைவில் யாரோ முணுமுணுப்பதும், உடையின் உரசலும், மூச்சும்கூடப் பெரிதாகப் பதிவாகின்றன. நீண்ட கம்பிகள் ஆன்டெனாவைப் போலச் செயல்பட்டு வானொலி அலைகளை ஈர்ப்பதும் உண்டு. ரௌடிவ் பயன்படுத்திய முறைகளுள் ஒன்று, இரண்டு நிலையங்களுக்கு இடையே வானொலியைத் திருப்பி வைத்து அந்த இரைச்சலைப் பதிவு செய்வது. இரவில் மத்திய அலை ஒலிபரப்புகள் வெகுதொலைவு பயணம் செய்யும். ஐரோப்பாவில் ஓர் இரவில் பல நாடுகளின் பேச்சுத் துணுக்குகள் ஒரே இரைச்சலில் கலந்து வருவதில் வியப்பில்லை.

ஆயினும் கருவியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. செவிக்கும் இதில் பங்குண்டு. ரௌடிவின் குரல்கள் ஒரே வாக்கியத்தில் லாட்விய மொழி, ஜெர்மன், ரஷ்யன், ஸ்வீடிஷ், ஸ்பானிஷ் என்று மாறி மாறிப் பேசின. அவை அனைத்தும் ரௌடிவ் அறிந்திருந்த மொழிகள். ஒரு துணுக்கு ஒரு மொழியில் பொருள் தராவிட்டால் அடுத்த மொழியில் பொருள் தரும் அல்லவா! இங்கிலாந்தின் டேவிட் எல்லிஸ் என்ற ஆய்வாளர் 1970 முதல் இந்தப் பதிவுகளை ஆராய்ந்து, 1978-இல் தமது முடிவுகளை வெளியிட்டார். இயல்பான ஒலிகளையும் வானொலித் துணுக்குகளையும் தவறாகப் பொருள் கொண்டதே பெரும்பாலான குரல்களுக்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர் கண்ட முடிவு.

மனம் இவ்வாறு செய்யும் என்பது உளவியலாருக்குப் புதிதல்ல. 1936-இல் பி.எஃப்.ஸ்கின்னர், பொருளற்ற உயிரொலிகளை மிக மெல்லிய ஒலியில் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து பலரைக் கேட்கச் சொன்னார். கேட்டவர்கள் அவற்றில் சொற்களையும் சொற்றொடர்களையும் கண்டார்கள். 1970-இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலார், பதிவு செய்யப்பட்ட ஒரு சொல்லில் ஓர் ஒலியை முழுவதுமாக நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமல் ஒலியைச் சேர்த்தார். கேட்டவர்களுக்கு அங்கே இல்லாத எழுத்து தெளிவாகவே கேட்டது.

2001-இல் கனடா நாட்டுப் பேராசிரியர் இமான்ட்ஸ் பருஸ் 81 அமர்வுகளில் இத்தகைய பதிவுகளைச் செய்து பார்த்தார். குரல் போன்ற ஒலிகள் கிடைத்தன. ஆனால் இயல்புக்கு அப்பாற்பட்டது என்று தெளிவாகச் சொல்லத்தக்க எதுவும் கிடைக்கவில்லை. 2015-இல் அமெரிக்காவின் லாஃபயெட் கல்லூரியில் நடந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. ஆவிக் குரல்களைப் பற்றிய ஆய்வு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், அவ்வாறு சொல்லப்படாதவர்களைவிட அதிகமான குரல்களைக் கேட்டார்கள். அந்தக் குரல்கள் என்ன சொல்லின என்று கேட்டபோதோ, அவர்களுக்குள் ஒற்றுமை மிகக் குறைவாகவே இருந்தது.

ரெக்கார்டரை ஏமாற்றுக் கருவி என்று சொல்ல முடியாது. தன்மேல் விழுந்த ஒலியை அது பதிவு செய்கிறது, அவ்வளவே. அந்த ஒலியைச் சொல்லாக ஆக்குவது கேட்பவரின் உள்ளம்.

கயிறும் பாம்பும்

பாரத நாட்டின் தத்துவ ஞானிகள் இந்த நிகழ்ச்சியைக் கண்டிருந்தால் வியப்படைந்திருக்க மாட்டார்கள். அவர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். முன்பு அறிந்த ஒன்றை மனம் நினைவிலிருந்து எடுத்து, அது இல்லாத இடத்தில் ஏற்றிக் காண்பதை ஆதி சங்கரர் அத்யாசம் என்று விளக்குகிறார். கயிற்றில் பாம்பு தோன்றுவது இதற்குக் காலங்காலமாகக் கூறப்படும் உதாரணம்.

கயிறு எப்போது பாம்பாகத் தெரிகிறது? நல்ல வெளிச்சத்தில் தெரிவதில்லை. அப்போது கயிறு கயிறாகவே தெரியும். கும்மிருட்டிலும் தெரிவதில்லை, அங்கே எதுவுமே தெரியாது. மங்கலான ஒளியில் மட்டுமே பாம்பு தோன்றுகிறது. 'ஏதோ ஒன்று கிடக்கிறது' என்ற அளவுக்கு ஒளி இருக்க வேண்டும். 'அது இன்னது' என்று தெரியாத அளவுக்கு இருளும் இருக்க வேண்டும். அத்துடன், பார்ப்பவன் பாம்பை முன்பே அறிந்திருக்க வேண்டும். அவன் உள்ளத்தில் அச்சமும் இருந்தால் பாம்பு விரைவிலேயே படமெடுக்கும்.

மின்னணுக் குரல்களும் இப்படித்தான் பிறக்கின்றன. தெளிவான பேச்சில் ஆவியின் குரல் கேட்பதில்லை. முழு நிசப்தத்திலும் கேட்பதில்லை. இரைச்சல் என்ற மங்கிய ஒளியில்தான் அது கேட்கிறது. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அச்சம் இருளில் பேயைக் காண்கிறது. பாசம் இரைச்சலில் மகனின் குரலைக் கேட்கிறது.

ஆனால் வேதாந்தம் இத்தோடு நிற்பதில்லை. பாம்பு பொய் என்பதால் பார்த்தவனின் நடுக்கமும் பொய்யாகிவிடுமா? அவன் நெஞ்சு உண்மையாகவே படபடக்கிறது. அதுபோல, கேட்ட குரல் கற்பனையாக இருக்கலாம். கேட்டவளின் அன்பு கற்பனையல்ல. ஆகவே அவளிடம் சென்று 'இது வெறும் இரைச்சல்' என்று சொல்லிவிட்டுத் திரும்புவது பாதிப் பணியே. பாம்பை அடித்து விரட்ட முடியாது, விளக்கைக் கொண்டுவந்துதான் அச்சத்தைத் தீர்க்க வேண்டும். அவளுடைய மூன்று கேள்விகளுக்கும் விளக்குத் தேவை.

யமனின் வாசலில் ஒரு சிறுவன்

'அவன் இருக்கிறானா?' என்ற முதல் கேள்வியை, கடோபநிஷதத்தில் ஒரு சிறுவன் யமனிடமே கேட்கிறான்.

தந்தையின் சினத்தால் யமனுக்குக் கொடுக்கப்பட்ட நசிகேதன், யமனின் வீட்டில் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருக்கிறான். அதற்கு ஈடாக மூன்று வரங்கள் கிடைக்கின்றன. முதல் வரமாக, தன் தந்தையின் மனம் அமைதியடைய வேண்டும், தன்னை அவர் அன்போடு ஏற்க வேண்டும் என்று வேண்டுகிறான். இரண்டாவதாக வேள்வித் தீயைப் பற்றி அறிந்துகொள்கிறான். மூன்றாவது வரத்தில்தான் பெருங்கேள்வி வருகிறது. மனிதன் இறந்தபின் இருக்கிறான் என்கின்றனர் சிலர், இல்லை என்கின்றனர் சிலர்; உண்மை என்ன என்று அவன் கேட்கிறான்.

நசிகேதன் நின்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். அது யமனின் வாசல். 'இறந்தவர் ஒருவரைக் கொண்டுவந்து காட்டு. அவர் குரலைக் கேட்கிறேன். அதன்பின் நம்புகிறேன்' என்று அவன் சொல்லியிருக்கலாம். உலகில் வேறு எவருக்கும் கிடைக்காத வாய்ப்பு அது. ஆயினும் அவன் அப்படிக் கேட்கவில்லை. யமனும் சாட்சிக்கு எவரையும் அழைக்கவில்லை. நீண்ட ஆயுள், புதல்வர்கள், யானைகள், பொன், தேவமங்கையர், இசை என எதையெதையோ கொடுத்துச் சிறுவனின் மனத்தைத் திருப்பப் பார்க்கிறான். எதிலும் அவன் மயங்காததைக் கண்டபின், பிறப்பும் இறப்பும் அற்ற ஆத்மாவைப் பற்றி உபதேசிக்கத் தொடங்குகிறான்.

சாட்சிக்கு ஏன் எவரையும் அழைக்கவில்லை? அழைத்திருந்தாலும் அது விடையாகியிருக்காது என்பதே காரணம். ஒருவர் இறந்தபின்னும் சிறிது காலம் ஏதோ ஒரு நிலையில் தொடர்கிறார் என்பது வேறு; மரணமற்ற நிலை என்பது வேறு. சூட்சும சரீரம் தொடர்வதை நமது சாஸ்திரங்கள் மறுக்கவில்லை. ஆனால் தொடர்வதெல்லாம் ஒருநாள் முடியும். நூறு ஆண்டுகள் வாழ்வதை மரணமின்மை என்று சொல்ல முடியாதது போலவே, இறந்தபின் இன்னொரு நூறு ஆண்டுகள் நீடிப்பதையும் மரணமின்மை என்று சொல்ல முடியாது.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கருவியில் பதிவாகக்கூடியது எதுவோ அது அறியப்படும் பொருள். ஆத்மா அறியப்படும் பொருளன்று; எல்லாவற்றையும் அறிகின்ற அறிவு. ஒலிநாடாவில் எத்தனை குரல்கள் பதிந்தாலும், அவற்றில் ஆத்மா பதியாது. இன்றைய நிலையைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஒருவர் உயிரோடு இருந்தபோது செய்த சிறு ஒலிப்பதிவைக் கொண்டு, அவர் ஒருபோதும் பேசாத சொற்களையும் அவரது குரலிலேயே கணினி இன்று பேசிவிடுகிறது. குரல் கேட்கிறது என்பதனாலேயே பேசுபவர் அங்கே இருக்கிறார் என்று ஆகிவிடாது. குரல் நின்றுபோனதாலேயே அவர் முற்றிலும் இல்லாமல் போய்விட்டார் என்றும் ஆகிவிடாது. இந்த இரண்டாவது வாக்கியத்தில் அந்தத் தாய்க்குரிய ஆறுதல் இருக்கிறது.

கங்கைக் கரையில் ஓர் இரவு

'அவன் என்னை மன்னித்துவிட்டானா?' என்ற கேள்விக்கு மகாபாரதத்தில் ஓர் அரிய காட்சி விடையாக அமைந்திருக்கிறது. ஆச்ரமவாஸிக பர்வத்தில் வரும் காட்சி அது.

போர் முடிந்து பதினாறு ஆண்டுகள் கடந்துவிட்டன. திருதராஷ்டிரனும் காந்தாரியும் குந்தியும் காட்டில் தவவாழ்வு மேற்கொண்டிருக்கிறார்கள். அங்கு வந்த வியாசரிடம், பதினாறு ஆண்டுகளாகியும் மன்னருக்கு மனஅமைதி கிடைக்கவில்லை என்று காந்தாரி முறையிடுகிறாள். பிறந்தவுடன் ஆற்றில் விட்ட கர்ணனை ஒருமுறை காண வேண்டும் என்பது குந்தியின் தாபம். அன்றிரவு வியாசர் கங்கையில் இறங்கி, போரில் மாண்டவர்களை அழைக்கிறார். படைகளின் ஆரவாரத்தோடு அவர்கள் நீரிலிருந்து எழுகிறார்கள். அவர்களைக் காணும் பேற்றைப் பார்வையற்ற திருதராஷ்டிரனும் பெறுகிறான்.

எழுந்து வந்தவர்களிடம் பகையில்லை, செருக்கில்லை, சினமில்லை. கர்ணனும் பாண்டவர்களும் ஒருவரையொருவர் அன்போடு நெருங்குகிறார்கள். தந்தையர் மக்களோடும், மனைவியர் கணவரோடும் அந்த ஓர் இரவைக் கழிக்கிறார்கள். பொழுது புலர்ந்ததும் வியாசர் விடைகொடுக்க, வந்தவர்கள் மீண்டும் கங்கைக்குள் மறைகிறார்கள்.

பெற்றோரைப் பதினாறு ஆண்டுகள் வாட்டியது என்ன? இழப்பு மட்டுமல்ல, தீராத பகையும் சொல்லாமல் விட்ட சொல்லும் அதில் கலந்திருந்தன. மறைந்தவர்களிடம் பகையின் சுவடே இல்லை என்பதை அந்த இரவு காட்டியது. பகையையும் குற்ற உணர்வையும் சுமந்துகொண்டிருந்தவர்கள் இருப்பவர்களே. அடுத்த இரவும் வேண்டும் என்று திருதராஷ்டிரன் கேட்டதாகக் காவியம் கூறவில்லை. துயர் நீங்கியவனாக ஆச்ரமத்திற்குத் திரும்பினான். யுதிஷ்டிரனையும் ஆட்சிப் பணிக்குத் திருப்பி அனுப்பினான். விடைகொடுக்கும் மனத்தை அந்த ஓர் இரவு அவனுக்குத் தந்தது.

ரெக்கார்டரின் முன் கழியும் இரவுகளோ முடிவதே இல்லை. இன்று ஒரு சொல் கிடைத்தால் நாளை இன்னொரு சொல் வேண்டியிருக்கிறது. துயரம் ஆறுவதற்குப் பதிலாக ஒவ்வோர் இரவும் புதிதாகத் திறக்கப்படுகிறது. அந்தத் திறந்த காயத்தைத் தொழிலாக்கிக்கொண்டு பொருள் பறிப்பவர்களும் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். மகனோ, தாயின் மடியில் வளர்ந்த முழு மனிதன் என்பது மறைந்து, இரைச்சலில் தேடியெடுக்கும் இரண்டு எழுத்தாகச் சுருங்கிவிடுகிறான்.

எள்ளும் நீரும்

'அவன் நலமாக இருக்கிறானா?' என்ற கேள்வி எஞ்சுகிறது. இந்தக் கேள்வியை நமது முன்னோர் ஒரு செயலாகவே மாற்றிவிட்டார்கள். அந்தச் செயலுக்குத் தர்ப்பணம் என்று பெயர். திருப்தி அளிப்பது என்பது அதன் பொருள்.

தர்ப்பணம் செய்பவர் மறைந்தவரின் பெயரைச் சொல்கிறார். எள்ளும் நீரும் விடுகிறார். 'பேசு, அடையாளம் காட்டு' என்று கேட்பதில்லை. 'திருப்தி அடைவீராக' என்று கொடுக்கிறார். ரெக்கார்டரின் முன் அமர்பவருக்கும் தர்ப்பணம் செய்பவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இருவரும் ஒருவரையே நினைக்கிறார்கள், இருவரிடமும் அதே அன்பு இருக்கிறது. ஒருவருடைய அன்பு மறைந்தவரிடமிருந்து பெற விரும்புகிறது. மற்றவருடைய அன்பு மறைந்தவருக்குத் தர விரும்புகிறது. பெற விரும்பும் அன்பு விடை வராதபோதெல்லாம் துடிக்கிறது. தர விரும்பும் அன்புக்கு விடை தேவைப்படுவதில்லை. கொடுத்த கணத்திலேயே அது நிறைவடைந்துவிடுகிறது.

தர்ப்பணத்தின் முடிவில் மேலும் ஒரு கைந்நீர் உண்டு. தாயும் தந்தையும் உற்றாரும் அற்றவர்களாய், நினைத்து நீர்விட எவருமே இல்லாதவர்களாய் மறைந்துபோனவர்களுக்காக அது விடப்படுகிறது. தன் வீட்டுத் துயரத்தில் மூழ்கி வந்த மனிதனை, முகம் தெரியாத அனைவரையும் உறவாகக் கொள்ளும் நிலைக்கு அந்தக் கடைசி நீர் கொண்டுசெல்கிறது.

இந்த வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மறைந்த மகனின் பெயரால் ஓர் ஏழைச் சிறுவனின் பள்ளிச் செலவை ஏற்கலாம். அவன் பிறந்தநாளில் பசித்தவர் சிலருக்கு உணவிடலாம். அவனிடம் கேட்க முடியாமல் போன மன்னிப்பை, இன்று உயிரோடு இருக்கும் ஒருவரிடம் காலம் தாழ்த்தாமல் கேட்கலாம். அவன் சிரித்துப் பேசிய பழைய பதிவு கைபேசியில் இருந்தால் அதையும் கேட்கலாம், அதில் தவறில்லை. அது அவனே பேசியது, உண்மையானது. எடிசன் முதலில் எண்ணிய பயனும் அதுவே. உண்மையாகச் சொல்லப்பட்ட சொல்லைப் போற்றி வைப்பது நன்றியுணர்வு. சொல்லப்படாத சொல்லை இரைச்சலிலிருந்து பிடுங்க முயல்வதுதான் வேதனையை வளர்க்கிறது.

கேட்பது யார்?

ரெக்கார்டரின் முன் இரவெல்லாம் அமர்ந்திருப்பவர்களிடம் மெச்சத்தக்க ஒரு பண்பும் உண்டு. அவர்களைப் போல உன்னிப்பாகக் கேட்பவர்கள் அரிது. உடலை அசைக்காமல், மூச்சையும் அடக்கி, மற்ற எண்ணங்களை விலக்கி, ஒரே ஒலியில் மனத்தை நிறுத்துகிறார்கள். யோக சாதகன் பல ஆண்டுகள் முயன்று பெறுகின்ற ஒருமுகப்பாட்டுக்கு அது மிகவும் நெருக்கமானது. அந்த ஒருமுகப்பாடு செல்லும் திசையை மட்டும் சற்றே திருப்ப வேண்டியிருக்கிறது.

காதைக் கேட்கத் தூண்டுவது எது என்ற கேள்வியோடு தொடங்குகிறது கேனோபநிஷதம். ஒலியைக் காது கேட்கிறது. காதின் பின்னே மனம் இருக்கிறது. மனத்தின் பின்னே எது இருக்கிறது? இரைச்சல் கேட்கும்போது அதை அறிகின்ற ஒன்று இருக்கிறது. இரைச்சலில் குரல் இருப்பதாகத் தோன்றும்போது அந்தத் தோற்றத்தையும் அது அறிகிறது. குரல் மறைந்து நிசப்தம் வரும்போது நிசப்தத்தையும் அதுவே அறிகிறது. ஒலி வருகிறது, போகிறது. அதை அறிகின்ற சாட்சி வருவதும் இல்லை, போவதும் இல்லை. அந்தச் சாட்சி தாயிடம் ஒன்றாகவும் மகனிடம் வேறாகவும் இருப்பதில்லை என்பதே உபநிஷதங்களின் முடிவு. 'அவன் இருக்கிறானா?' என்று அவள் எந்த உணர்வில் நின்று கேட்கிறாளோ, அந்த உணர்வே அவனாகவும் விளங்கியது. அதற்கு மரணமில்லை.

இந்த உண்மை ஒரே நாளில் அனுபவமாகிவிடாது. அதுவரை கண்ணீர் வரத்தான் செய்யும், வரட்டும். ஆனால் அந்தத் தாய் இன்றிரவே ஒன்றைச் செய்ய முடியும். ரெக்கார்டரை அணைத்துவிட்டு, மகனின் அறையில் ஒரு சிறு விளக்கை ஏற்றலாம். அவன் பெயரை ஒருமுறை சொல்லி, அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று இறைவனிடம் வேண்டலாம். பிறகு சிறிது நேரம், எந்த விடையையும் எதிர்பாராமல், அந்த அமைதியில் அமர்ந்திருக்கலாம். இரைச்சல் அடங்கிய அந்த வேளையில், அவள் காப்பாற்ற நினைத்த அன்பு ஒரு குறைவுமின்றித் தன்னிடமே இருப்பதை அவள் உணர்வாள்.

மறைந்தோர் அனைவரும் திருப்தி அடைவார்களாக! இருப்போர் அனைவரும் தெளிவு பெறுவார்களாக!